குடும்பத்தோடு ஒரு பகல் மலைநடை: தமிழ்நாடு மலையேற்றத் திட்டம் பற்றிய மதிப்புரை

நண்பர்களும் குடும்பத்தாருமாகச் சேர்ந்து விடியற்காலையில் கிளம்பி, ஏதாவதொரு மலைத்தடத்தில் நடந்துவிட்டு, அன்றைக்கே திரும்பிவிடும் பழக்கம் எங்கள் வட்டத்தில் பல ஆண்டுகளாக இருந்துவருகிறது. கூடாரம் அடித்துத் தங்குவதும் உயர்ந்த சிகரங்களைத் தொடுவதும் எங்கள் நோக்கம் அல்ல. அறுபத்தைந்து வயதைக் கடந்த என் தாயார், ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகன், அலுவலக நண்பர்கள், அவர்களுடைய குடும்பத்தினர், விடுமுறை அமைந்தால் தம்பியின் வீட்டார் என்று வயதும் வலுவும் ஒன்றுக்கொன்று பொருந்தாத ஒரு கூட்டம் சேர்ந்து நடக்க வேண்டும் என்பதே எங்கள் தேவை. அந்தத் தேவையை மனத்தில் கொண்டுதான் தமிழ்நாடு வனத்துறையின் மலையேற்றத் திட்டத்தை இங்கே மதிப்பிடுகிறேன். உடற்பயிற்சியில் தேர்ந்த இளைஞர்கள் இதே சேவையை வேறு அளவுகோலால் அளக்கக்கூடும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இந்தச் சேவை தாராளமாகப் பரிந்துரைக்கத் தக்கது. அதற்கு முதற்காரணம் உடன் வருகிற வழிகாட்டி. கூட்டத்திலேயே மெதுவாக நடப்பவருக்கு ஏற்ற தடத்தை நாம் தேர்ந்துகொண்டு, அந்த நிலத்திலேயே பிறந்து வளர்ந்த ஒருவரைப் பின்தொடர்ந்து நடந்தால், தெரிந்த மலைகூடப் புதிதாகத் தெரிகிறது.

திட்டத்தைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சில செய்திகள். வனத்துறையும் தமிழ்நாடு வன அனுபவக் கழகமும் சேர்ந்து 2024 அக்டோபரில் இதைத் தொடங்கின. 14 மாவட்டங்களில் 40 தடங்கள் அறிவிக்கப்பட்டன. எளிது, மிதம், கடினம் என்று மூன்று வகையாகத் தடங்கள் பிரிக்கப்பட்டுள்ளன. திட்டத்துக்கென உள்ள இணையதளத்தில் தடத்தையும் நாளையும் தேர்ந்தெடுத்து, நடப்பவர்களின் விவரங்களைப் பதிந்து, பணம் செலுத்திவிட்டால் அனுமதி கிடைத்துவிடும். முன்பெல்லாம் காப்புக்காட்டுக்குள் ஒரு பாதையில் நடக்க வேண்டுமென்றால் எந்த அலுவலகத்தில் யாரைப் பார்த்து மனு கொடுப்பது என்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர் ஒருவர் மூலமாகத்தான் பெரும்பாலும் காரியம் நடந்தது. யார் வேண்டுமானாலும் முறைப்படி அனுமதி பெறலாம் என்ற நிலை வந்ததையே நான் இந்தத் திட்டத்தின் முதல் நன்மையாகக் கருதுகிறேன்.

இப்படியோர் ஒழுங்கு ஏன் தேவைப்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று பரவிய காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் சிக்கிக்கொண்டார்கள். 23 உயிர்கள் போயின. காய்ந்து நின்ற புல்வெளியில் காற்றோடு சேர்ந்து தீ ஏறி வரும்போது மனிதக் கால்களால் அதை முந்த முடியாது. அதன் பிறகுதான் அதே ஆண்டில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. கோடையின் தொடக்கத்தில், பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரையிலான தீப்பருவத்தில், இந்தத் தடங்கள் மூடப்படுவதற்கும் அதுவே காரணம். அந்த இரண்டு மாதங்களும் பள்ளித் தேர்வுக் காலத்தோடு ஒத்துப்போவதால் குடும்பங்களுக்கு அதனால் பெரிய இழப்பு ஒன்றும் இல்லை. இருந்தாலும் சிலர் அந்த நாள்களில் வேறு வழியாகக் காட்டுக்குள் நுழையப் பார்க்கிறார்கள். குரங்கணியில் நடந்ததை அறிந்த எவரும் அதைச் செய்ய மாட்டார்கள்.

திட்டம் வருவதற்கு முன்பு தனியார் ஏற்பாட்டாளர் ஒருவரோடு நாங்கள் ஒரு மலைக்குப் போயிருக்கிறோம். பெயர் இங்கே வேண்டாம். ஒற்றையடிப் பாதையில் பேருந்து நிறைந்த கூட்டம். முன்னால் போகிறவர்களின் கையில் பாட்டுப்பெட்டி. கடைசியில் வருகிறவர்களோடு நடக்க ஆளே இல்லை. பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் என் தாயாரும் நண்பரின் மனைவியும் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றிருந்தார்கள். கட்டணம் என்னவோ குறைவுதான். அந்த அனுபவத்தோடு ஒப்பிடும்போதுதான், சிறிய குழு, முன்னே ஒருவர், பின்னே ஒருவர் என்று நடக்கும் இந்தத் திட்டத்தின் முறை எவ்வளவு பெரிய நிம்மதி என்பது விளங்கியது.

சென்னையில் இருப்பவர்கள் முதலில் போக வேண்டிய தடம் திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைகள் என்பேன். நகரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அதிகாலையில் புறப்பட்டால் பூண்டி நீர்த்தேக்கத்தைச் சூரியன் எழும்பும் வேளையில் கடந்துவிடலாம். அல்லிக்குழி மலைகளின் நடுவே போக வர ஒன்பது பத்துக் கிலோமீட்டர் நடை. உயரம் அதிகம் இல்லை. செங்குத்தான ஏற்றமும் இல்லை. எளிய தடம் என்பது பொருத்தமான வகைப்பாடுதான். ஆனால் வழி நெடுகக் காரை, களா, சூரை, கள்ளி என்று முட்புதர்கள்தாம். தலைக்கு மேல் நிழல் குறைவு. குடிக்கும் நீருக்கு வழியில் இடம் இல்லை. ஏற்றத்தைக் காட்டிலும் வெயிலே இங்கே சோதனை. ஆகவே, முதியவர்களை அழைத்துப் போகிறவர்கள் நவம்பர் முதல் ஜனவரி வரையிலான நாள்களைத் தேர்ந்துகொள்வதும், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்வதும், பதினொரு மணிக்குள் திரும்பி வரும் நடையைத் தொடங்கிவிடுவதும் நல்லது.

இந்த மலைகளின் பாறையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். உருண்டையும் நீள்வட்டமுமான கூழாங்கற்கள், காரையில் பதித்துவைத்தவைபோல, ஒரே பாறையாக இறுகிக் கிடக்கின்றன. கையகல உருளைக்கல்லும் கோலிகுண்டு அளவுள்ள கல்லும் அடுத்தடுத்து இருக்கும். என்றோ ஓடிய நீர் உருட்டிக்கொண்டு வந்து சேர்த்த படிவம் அது. பெரும்பாலான கற்கள் படிகக்கல் வகையைச் சேர்ந்தவை, கெட்டியானவை, சரியான கோணத்தில் தட்டினால் கூரான விளிம்போடு சில்லாகப் பெயர்பவை. கற்கால மனிதர் இந்தப் பகுதியை ஏன் விட்டுப் போகவில்லை என்பதற்கு இந்தப் பாறையே பதில் சொல்லிவிடுகிறது. கருவி செய்யும் மூலப்பொருள் காலடியில் கிடந்தது. கொற்றலையாற்றின் நீர் பக்கத்தில் ஓடியது. தங்குவதற்குக் குகை இருந்தது.

எங்களோடு வந்த வழிகாட்டி அந்தப் பகுதியிலேயே வளர்ந்த இளைஞர். பாதையோரத்தில் குனிந்து ஒரு கல்லை எடுத்து என் மகனின் உள்ளங்கையில் வைத்தார். ஒரு பக்கம் கூழாங்கல்லின் வழவழப்பு அப்படியே இருந்தது. மறுபக்கம் மூன்று நான்கு சில்லுகள் பெயர்ந்த தழும்புகள் வரிசையாக இருந்தன. அந்தத் தழும்புகள் சந்திக்கும் விளிம்பில் விரலை ஓட்டினால் இப்போதும் கூர்மை தெரிந்தது. “தானா உடைஞ்ச கல்லுன்னா இப்படி ஒரே பக்கமா வரிசையா உடையாது தம்பி” என்றார். பையன் அதைப் பைக்குள் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டான். கூடாது என்று சொல்லி, எடுத்த இடத்திலேயே, எடுத்த பக்கமாகவே அதைத் திருப்பி வைத்தார். அதற்கான காரணத்தையும் சொன்னார். கல் கிடக்கும் இடம்தான் அதன் வரலாற்றைச் சொல்லும். இடம் மாறிவிட்டால் அது வெறும் கல். பாடப்புத்தகத்தில் படிக்காத ஒரு பாடத்தை அந்தப் பிள்ளை அன்றைக்குக் கற்றுக்கொண்டான்.

இந்த வட்டாரத்தின் பெருமையை அறிந்துகொண்டு போனால் நடை இன்னும் சுவைக்கும். 1863 மே 30 அன்று சென்னைக்கு அருகில் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் மனிதரின் தொன்மையைப் பற்றிய ஆய்வு அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதே ஆண்டில் அவரும் சக நிலவியலாளரான வில்லியம் கிங்கும் கொற்றலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம் என்ற கற்கால இடத்தைக் கண்டறிந்தார்கள். அத்திரம்பாக்கத்தின் மிகப் பழைய கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. குடியம் குகையில் 1960களில் தொல்லியல் துறையினர் அகழாய்வு செய்திருக்கிறார்கள். பூண்டியில் இவற்றைக் காட்சிப்படுத்தும் சிறிய அருங்காட்சியகம் ஒன்றும் உள்ளது. நடந்து முடித்துத் திரும்பும் வழியில் அதையும் பார்த்துவிட்டு வந்தால், தடத்தில் கண்ட கல்லுக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கல்லுக்கும் உள்ள உறவு பிள்ளைகளுக்குப் புரியும்.

குகைக்கு முன்னால் வந்ததும் வழிகாட்டி எங்களைத் தாழ்ந்த குரலில் பேசச் சொன்னார். மேலே பாறை விளிம்பில் மலைத்தேனீக்களின் அடைகள் கறுத்துத் தொங்கின. வாசனைத் தைலம் பூசியவர்கள் பின்னால் நிற்கட்டும், யாரும் கைதட்டவோ விசில் அடிக்கவோ வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தாமே முதலில் போய்ப் பார்த்த பிறகுதான் எங்களை உள்ளே விட்டார். குகை என்கிற பெயர் இருந்தாலும் அது இருண்ட சுரங்கம் அல்ல. பெரிய பாறைக் குடை. அண்ணாந்து பார்த்தால் அதே உருளைக்கற்கள் கூரையெங்கும் பதிந்திருக்கும். ஊர் மக்கள் அங்கே அம்மனை வழிபடுகிறார்கள். என் தாயார் முக்கால் மணி நேரம் அந்த நிழலில் உட்கார்ந்திருந்தார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

இரண்டாவதாக நான் விரிவாகச் சொல்ல விரும்பும் தடம் நீலகிரி மாவட்டம் கோத்தகிரியை அடுத்த லாங்வுட் சோலை. சென்னையிலிருந்து ஒரு நாளில் போய் வரும் தொலைவு அல்ல. கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம், ஈரோடு, திருப்பூர்க்காரர்களுக்கு ஏற்றது. நாங்கள் கோயம்புத்தூரில் உள்ள தம்பியின் வீட்டில் தங்கிக்கொண்டு போனோம். ஏறத்தாழ 116 ஹெக்டேர் பரப்புள்ள இந்தச் சோலை, சுற்றிலும் தேயிலைத் தோட்டங்களும் குடியிருப்புகளும் நெருக்கி நிற்க, நடுவில் தப்பிப் பிழைத்திருக்கிறது. 2024 ஜனவரியில் இது, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஏரியும் சதுப்பும்தானே அந்தப் பட்டியலில் வரும், காட்டுக்கு அங்கே என்ன வேலை என்று நண்பர் கேட்டார். சோலைக்குள் பத்து நிமிடம் நடந்ததும் அவருக்கே விடை கிடைத்துவிட்டது.

வெளியே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போது உள்ளே தரை நனைந்திருந்தது. வழிகாட்டி ஒரு குச்சியால் சருகை விலக்கிக் காட்டினார். மேலே அன்றைக்கு உதிர்ந்த இலை. அதன் கீழே பாதி மக்கிய இலை. அதற்கும் கீழே நரம்பு மட்டும் மிஞ்சிய இலை. பிறகு கறுத்த, பிழிந்தால் நீர் சொட்டும் மண். ஒரு சாண் ஆழத்துக்குள் அத்தனை அடுக்குகள். மழைக்காலத்து நீரை இந்த மண் பிடித்து வைத்துக்கொண்டு, கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுகிறது. கீழே உள்ள ஊர்களுக்கு அதுதான் குடிநீர். உள்ளூர் மக்களே காவல் குழு ஒன்றை அமைத்துப் பல ஆண்டுகளாக இந்தச் சோலையை வனத்துறையோடு சேர்ந்து காத்துவருகிறார்கள் என்பதையும் இங்கே நன்றியோடு குறிப்பிட வேண்டும். அவர்கள் காக்காமல் விட்டிருந்தால் இந்த இடமும் தேயிலையாகவோ விடுதியாகவோ மாறியிருக்கும்.

சோலை மரங்கள் உயரமானவை அல்ல. காற்றுக்கு முறுக்கிக்கொண்ட கிளைகள், அவற்றில் பாசியும் பெரணியும், மேலே ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட இலைக்கூரை. பாதை பெரும்பாலும் சமமாகவே போகிறது. முழங்கால் வலி உள்ள என் தாயார் கைத்தடியோடு முழுத் தொலைவையும் நடந்துவிட்டார். நீலகிரிச் சிரிப்பான் புதருக்குள்ளிருந்து கூட்டமாகக் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தது. அதைக் கண்ணால் பார்ப்பதற்கு வெகுநேரம் அசையாமல் நிற்க வேண்டியிருந்தது. அப்படி நிற்கக் கற்றுக்கொள்வதற்கு இதைவிட நல்ல இடம் பிள்ளைகளுக்கு அமையாது. காட்டுமாட்டின் குளம்படி பாதையில் ஈரமாக இருந்ததைக் கண்டதும் வழிகாட்டி எங்களை நிறுத்தி, தனியே முன்னால் போய் வந்து, வேறு கிளைப் பாதையில் அழைத்துப் போனார். தனித்து நிற்கும் ஆண் மாட்டை எந்தக் காரணத்துக்காகவும் நெருங்கக் கூடாது என்று அவர் சொன்னதில் பயமுறுத்தல் இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தினருக்கு வீட்டு வழக்கத்தைச் சொல்வது போன்ற இயல்பான தொனியில் சொன்னார்.

பருவமழைக் காலத்தில் அட்டைகள் அதிகம். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்வதும் காலுறையின் மேல் உப்போ மூக்குப்பொடியோ தடவிக்கொள்வதும் ஊர்க்காரர்கள் சொல்லும் வழிகள். கடித்துவிட்டால் வெடுக்கென்று பிடுங்காமல், நகத்தால் மெல்ல நெம்பி எடுத்துவிட வேண்டும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போகிறவர்கள் 2024 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கும் இ-பாஸ் பெற வேண்டும் என்பதையும், நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருப்பதையும் புறப்படும் முன்பே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொடைக்கானலில் வட்டக்கானலிலிருந்து வெள்ளகவிக்குப் போகும் தடம் எங்கள் கூட்டத்தில் வலுவுள்ளவர்கள் மட்டும் போனது. என் தாயாரையும் சிறுவர்களையும் அழைத்துப் போகவில்லை. போகவும் கூடாது என்பதே என் கருத்து. மற்ற மலைகளில் முதலில் ஏற்றம், பிறகு இறக்கம். இங்கே முதலில் இறக்கம். காலையின் உற்சாகத்தில் டால்பின் நோஸ் பாறையைத் தாண்டி விறுவிறுவென்று இறங்கிவிடலாம். களைத்த காலோடு நண்பகலுக்குப் பிறகு அத்தனை உயரத்தையும் திரும்ப ஏறியாக வேண்டும். இறங்கும்போதே முழங்காலுக்கு வேலை அதிகம். வேர்கள் படிக்கட்டாகப் பின்னிக் கிடக்கும் இடங்களில் கால் வைக்கும் ஒவ்வொரு அடியையும் பார்த்து வைக்க வேண்டும். முழங்காலில் சிறு குறை இருந்தாலும் இந்தத் தடத்தை ஒத்திப்போடுங்கள்.

வலுவுள்ளவர்களுக்கோ இது மறக்க முடியாத நடை. நாங்கள் போனபோது வெள்ளகவிக்கு வண்டிப் பாதை இல்லை. அரிசி மூட்டையிலிருந்து எரிவாயு உருளை வரைக்கும் தலைச்சுமையாகவோ குதிரை மேலோ வந்தாக வேண்டியிருந்தது. ஊருக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை. ஊரே கோயில்களுக்கு நடுவில் இருக்கிறது என்பதுதான் காரணம். ஊர் எல்லையில் நாங்களும் காலணிகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டோம். காபிச் செடிகளுக்கு நடுவில் ஒரு வீட்டுத் திண்ணையில் கறுப்புக் காபி கொடுத்தார்கள். ஒரு முதியவர், “நீங்க ஒரு நாளு ஏறுறீங்க, எங்களுக்கு ஆசுபத்திரின்னாலும் இதே ஏத்தம்தான்” என்றார். அந்த ஊருக்கு மலையேற்றம் பொழுதுபோக்கு அல்ல. அதை உணர்ந்து, வீடுகளையும் மனிதரையும் கேட்காமல் படம் எடுக்காமல், கொண்டுபோன குப்பையை ஒரு தாள்கூட விடாமல் திருப்பி எடுத்துவர வேண்டியது போகிறவர்களின் கடமை.

மற்ற தடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆனைமலையில் டாப்சிலிப்பிலிருந்து பண்டாரவரைக்குப் போகும் தடம் காட்டுயிர்களில் ஆர்வம் உள்ளவர்களுக்கானது. தேக்குக் காட்டை மீட்டெடுத்த ஹியூகோ வுட் என்ற வன அதிகாரியின் கல்லறை டாப்சிலிப்பில் தேக்கு மரங்களுக்கு நடுவில் இருக்கிறது, அங்கே சற்று நின்றுவிட்டு வாருங்கள். திருவண்ணாமலை மாவட்டத்துப் பருவதமலை பக்தர்களுக்குப் பழகிய மலை. உச்சிக்கு அருகே பாறையில் அறைந்த கடப்பாரைகளையும் சங்கிலியையும் பிடித்து ஏற வேண்டும் என்பதால், உயரத்தைக் கண்டு தலைசுற்றும் இயல்புள்ளவர்கள் வேண்டாம். வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளும் பட்டியலில் இருக்கின்றன. அது ஒரு பகலுக்குள் குடும்பத்தோடு முடிக்கும் வேலை அல்ல என்பதால் அதைப் பற்றி இங்கே எழுதவில்லை.

வழிகாட்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மலைவாழ் பழங்குடி இளைஞர்களையும் காட்டோரச் சிற்றூர்களின் இளைஞர்களையும் தேர்ந்து, முதலுதவி உள்ளிட்ட பயிற்சி கொடுத்து இந்தப் பணியில் அமர்த்தியிருக்கிறார்கள். நாம் கட்டும் கட்டணத்தில் பெரும்பகுதி அவர்களைச் சேர்வது இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. காட்டைப் பற்றிய அறிவு அவர்களிடம் இருந்தது. அந்த அறிவுக்கு இதுவரை கூலி இல்லை. விறகு பொறுக்கவும் தேன் எடுக்கவும் மாடு மேய்க்கவும் பயன்பட்ட அதே அறிவு இப்போது மதிப்பான வேலையாகியிருக்கிறது. தன் ஊர்க் காட்டைக் காட்டிச் சம்பாதிக்கும் ஒருவர் அந்தக் காட்டில் தீ வைக்க யாரையும் விடமாட்டார். அவர்களிடம் பறவையின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். இந்தப் பட்டையை எதற்குப் பயன்படுத்துவீர்கள், இந்தக் கனியை எந்த மாதம் தின்பீர்கள், சின்ன வயதில் இந்த ஓடையில் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். முதல் அரை மணி நேரம் கூச்சத்தோடு பேசாமல் வருகிறவர்கள்கூட அதற்குப் பிறகு நிறுத்தாமல் பேசுவார்கள். வேறு மாநிலத்து விருந்தினரை அழைத்துப் போகிறவர்கள் மொழிபெயர்த்துச் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். வழிகாட்டிகளின் வளம் தமிழில்தான் இருக்கிறது.

சிறுவர்களைப் பொறுத்தவரை, திட்டம் தொடங்கியபோது அறிவித்த விதிப்படி, 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும்; 10 வயதுக்கு உட்பட்டவர்களைப் பெற்றோரோடு எளிய தடங்களில் மட்டும் அனுமதிக்கிறார்கள். இது சரியான ஏற்பாடு. பதிவு செய்யும் முன்பு அன்றைய விதியை ஒருமுறை இணையதளத்தில் படித்துவிடுங்கள்.

கட்டணம் தடத்துக்குத் தடம் மாறும் என்பதால் தொகையை நான் இங்கே குறிப்பிடவில்லை. ஒருவர் தனியாகப் போனால் நியாயமான தொகைதான். ஒரு திரைப்படத்துக்குப் போய் வெளியே சாப்பிட்டுவிட்டு வரும் செலவோடு பல எளிய தடங்களை ஒப்பிடலாம். தலைக்கு இவ்வளவு என்று கணக்கிடுவதால், ஐந்தாறு பேர் உள்ள குடும்பம் மாதந்தோறும் போவதென்றால் நடுத்தர வருமானத்துக்கு அது சுமைதான். எப்போதோ ஒருமுறை வரும் சுற்றுலாப் பயணியும் தன் மாவட்டத்து மலையில் மாதந்தோறும் நடக்க விரும்புகிற குடும்பமும் ஒன்றல்ல. உள்ளூர்க்காரர்களுக்கு ஆண்டுச் சந்தா, குடும்பமாகப் பதிவோருக்குச் சலுகை, அறுபது வயது கடந்தவர்களுக்குக் குறைந்த கட்டணம் என்று ஏதேனும் ஒன்றை வனத்துறை பரிசீலிக்க வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். வழிகாட்டிக்குச் சேரும் பங்கைக் குறைக்காமல் அதைச் செய்ய வழி இருக்கும்.

வகைப்பாட்டிலும் ஒரு வேண்டுகோள் உண்டு. எளிது, மிதம், கடினம் என்ற மூன்று சொற்கள் இளைஞருக்குப் போதும். முதியவரை அழைத்துப் போகிறவர்களுக்கு வேறு செய்திகள் தேவை: எத்தனை மீட்டர் ஏற்றம், இறக்கம் எவ்வளவு செங்குத்து, எத்தனை மணிக்குப் பிறகு நிழல் இராது, பாதி வழியில் திரும்பிவிட முடியுமா, அருகில் கழிப்பறை எங்கே. பெண்கள் உள்ள குழுவுக்குக் கடைசிக் கேள்வி முதற்கேள்வி. ஒவ்வொரு தடத்துக்கும் இவற்றை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி வைத்துவிட்டால், பொருந்தாத தடத்தை யாரும் தேர்ந்துகொள்ள மாட்டார்கள். அதுவரைக்கும், பதிவுக்கு முன் அந்தத் தடத்தில் போய் வந்தவர்களிடம் விசாரித்துக்கொள்வது நல்லது.

கொண்டுபோக வேண்டியவற்றில் விலையுயர்ந்த பொருள் எதுவும் இல்லை. நல்ல பிடிப்புள்ள அடிப்பகுதி கொண்ட காலணி மட்டும் கட்டாயம். அதையும் புதிதாக வாங்கிய அன்றே மலைக்குப் போட்டுக்கொண்டு போகாமல் இரண்டு வாரம் தெருவில் நடந்து பழக்கிக்கொள்ளுங்கள். விரல் நகங்களை வெட்டிவிடுங்கள், இறக்கத்தில் நகம் காலணியின் முனையில் இடித்துக் கறுத்துவிடும். முதியவர்களுக்கு ஒரு கைத்தடி. உணவுக்குப் புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் எவர்சில்வர் தூக்கில் எடுத்துப் போங்கள். தயிர்ச்சோறு வெயிலில் புளித்துவிடும். கடலை மிட்டாயும் உப்புப் போட்ட மோரும் களைப்புக்கு உடனே கை கொடுக்கும். வழிகாட்டிக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போவது எங்கள் வழக்கம்.

தனிமையை நாடி, தன் போக்கில், தான் நினைத்த இடத்தில் நின்று, நினைத்த நேரத்தில் திரும்ப விரும்புகிறவர்களுக்கு இந்தச் சேவை ஒத்துவராது. வழிகாட்டி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நடக்க அனுமதியும் இல்லை. அவர்களுக்கு மதுரையைச் சுற்றியுள்ள சமணர் மலை போன்ற திறந்த குன்றுகள் இருக்கின்றன. வயதானவர்களையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போகிறவர்கள் ஏப்ரல் 15க்குப் பிறகு தடங்கள் மறுபடி திறக்கும்போது முதலில் ஒரு எளிய தடத்தைப் பதிந்துகொள்ளுங்கள். சமவெளியை ஒட்டிய தடங்களைக் கோடையில் விட்டுவிட்டு, லாங்வுட் போன்ற மேட்டு நிலச் சோலைகளை அப்போது தேர்ந்துகொண்டு, குடியத்தை நவம்பருக்கு வைத்துக்கொள்ளுங்கள். விடுப்பு எடுக்க முடிந்தவர்கள் வாரநாளில் போனால், பாதையில் உங்கள் கூட்டமும் வழிகாட்டியும் மட்டுமே இருக்கும் வாய்ப்பு அதிகம்.